கடலூர் – சிதம்பரம் பகுதியின் படைவீரர் இடுகாடுகள்: கல்லும் நிலமும் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பகுதி 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில, பிரெஞ்சு, மைசூர்ப் படைகளின் போர்க்களமாக விளங்கியது. அப்போர்களில் இறந்தோருள் எழுத்துப் பொறித்த கல்லறை பெற்றோர் மிகச் சிலரே. நினைவுச்சின்னங்களைக் காக்கும் சட்டங்கள் நடைமுறையில் கல்லறைக் கட்டுமானத்தையே காக்கின்றன. இறந்தோர் கிடக்கும் நிலம் அவற்றின் பார்வைக்கு வருவதில்லை. எனவே இப்பகுதியின் படைவீரர் இடுகாடுகளைக் காக்கும் பணி நினைவுச்சின்னப் பட்டியலிலிருந்து தொடங்காமல் நில வருவாய்ப் பதிவேடுகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கடலூர் முற்றுகை, புனித தாவீது கோட்டை, பரங்கிப்பேட்டைப் போர், கல்லறை, இடுகாடு, நடுகல், தொல்லியல் சட்டம், நிலப் பதிவேடு.

முன்னுரை

போரில் மாண்டவனுக்குக் கல் நடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல் எடுக்கும் நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரிசைப்படுத்துகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் பற்றிய தொகுப்பு, அவ்வழக்கின் பரப்பை ஆய்வுலகிற்கு எடுத்துக்காட்டியது. நடுகல் ஆய்வு வளர்ந்த அளவிற்கு, அதே மண்ணில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இறந்த கூலிப்படை வீரர், சிப்பாய்கள், ஐரோப்பியப் போர்வீரர் ஆகியோரின் அடக்கவிடங்கள் பற்றிய தமிழ் ஆய்வு வளரவில்லை. அவை அயலாரின் வரலாறு என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பது அப்படைகளில் இருந்தோர் யாவர் எனக் காணும்போது தெரியவரும்.

போர்க்களமான கடற்கரை

1690இல் சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேல், தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்காக விலைக்கு வாங்கினார். கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள ஊர்களும் விலையில் அடக்கம் என்பது ஒப்பந்தம். அவ்வாறு கைம்மாறிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது. நிலத்தின் எல்லையைப் பீரங்கி வகுத்த ஊர் இது என்பது பின்வரும் செய்திகளுக்குப் பொருத்தமான தொடக்கம்.

புனித தாவீது கோட்டை எனப் பெயரிடப்பெற்ற அக்கோட்டை, 1746இல் சென்னை பிரெஞ்சியர் கைக்குச் சென்றபின் 1752 வரை கும்பினியின் சோழமண்டலக்கரைத் தலைமையிடமாயிற்று. டூப்ளே அதனைக் கைப்பற்ற எடுத்த முயற்சிகளும் அவற்றின் தோல்வியும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இடம்பெற்றுள்ளன. அக்காலப் போர்நிகழ்வுகளுக்கு இத்தகைய விரிவான தமிழ்ச் சான்று அமைந்திருப்பது அரிய பேறு. 1749 ஏப்ரல் மாதம் வீசிய பெரும்புயலில் இக்கரையோரம் ‘நமூர்’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் மூழ்கி ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘பெம்புரோக்’ என்ற கப்பலும் அப்புயலில் அழிந்தது. 1758 ஜூன் 2ஆம் நாள் லாலியின் படையிடம் பணிந்த கோட்டை பின்னர் இடித்துத் தகர்க்கப்பட்டது. கெடிலத்தின் முகத்துவாரத்தை ஒட்டி அதன் எச்சங்களே உள்ளன.

சிதம்பரத்தின் பங்கு பலரும் அறியாதது. நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்கள் அதனைப் பலமுறை படைவீடாக்கின. ஹைதர் அலியின் படை அக்கோயிலைக் காவலிடமாகக் கொண்டிருந்தபோது, 1781 ஜூன் 18ஆம் நாள் சர் அயர் கூட்டின் படை அதனைத் தாக்கிப் பின்வாங்கியது. இரு வாரங்களுக்குள், ஜூலை 1ஆம் நாள், பரங்கிப்பேட்டையை அடுத்த வெளியில் இரு படைகளும் மோதின, கூட் வென்றார். மைசூர்த் தரப்பின் இழப்பைப் பற்றி வென்றவர் தந்த எண்களே நூல்களில் வழங்குகின்றன. அவற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும், பெருந்தொகையினர் அவ்வெளியில் மாண்டனர் என்பதில் ஐயமில்லை.

இவ்வரிசையில் கொடியது 1783ஆம் ஆண்டுக் கடலூர் முற்றுகை. முந்தைய ஆண்டில் பிரெஞ்சியர் கைப்பற்றிய கடலூரை மீட்க மேஜர் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப் படை வந்தது. ஊரின் தெற்கே, வலப்புறம் கடலும் இடப்புறம் வண்டிப்பாளையக் குன்றுகளும் அமைய அது பாளையம் இறங்கியது. மார்க்கி தெ புஸ்ஸியின் படை ஊர்மதிலுக்கு வெளியே அரண் அமைத்து எதிர்நின்றது. ஜூன் 13ஆம் நாள் ஒருநாட்போரில் மட்டும் ஆங்கிலத் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோருமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர். ஜூன் 20இல் சுஃப்ரேன், ஹியூஸ் ஆகியோரின் கப்பற்படைகள் கடலில் பொருதன. ஜூன் 25இல் பிரெஞ்சியர் வெளிப்போந்து தாக்கி முறியடிக்கப்பட்டனர். அதன்பின்னரே அமைதிச் செய்தி கடலூரை எட்டியது. ஐரோப்பாவில் முன்னுடன்படிக்கை அவ்வாண்டு ஜனவரி 20ஆம் நாளே கையெழுத்தாகிவிட்டது. கடலூரில் வீழ்ந்த அத்தனை பேரும் முடிந்துபோன போரில் மாண்டவர்கள்.

கல் பெற்றோரும் பெறாதோரும்

ஸ்டூவர்ட்டின் படையில் ஸ்காட்லாந்து வீரர் இருந்தனர். 1782இல் கும்பினிப் பணிக்கு வந்த ஜெர்மானிய ஹனோவர்ப் படைப்பிரிவினர் இருந்தனர். ஆயினும் பெரும்பான்மையோர் சிப்பாய்கள். சென்னை மாகாணத்துச் சிப்பாய்களோடு, கர்னல் பியர்ஸ் தலைமையில் வங்காளத்திலிருந்து தரைவழியே நடந்து வந்த சிப்பாய்களும் இக்களத்தில் நின்றனர். புஸ்ஸியின் பக்கம் பிரெஞ்சு வீரர்களுடன் இந்தியச் சிப்பாய்களும் மைசூர்ப் படையினரும் இருந்தனர். ஆக, இப்போர்களில் இறந்தோரை ‘ஐரோப்பியர் கல்லறை’ என்ற தலைப்பின்கீழ் அடக்குவது வரலாற்றுப் பிழை.

இறந்தோருள் யார்க்குக் கல் கிடைத்தது? படையதிகாரிகளுக்கும், கும்பினி அலுவலர்க்கும், அவர்தம் குடும்பத்தார்க்கும் கிடைத்தது. கடும்போருக்குப்பின் வெயிற்காலத்தில் சாதாரண வீரர்களைக் கூட்டாகப் புதைப்பதே அக்காலப் படைகளின் நடைமுறை. சிப்பாய்களுள் இசுலாமியர் புதைக்கப்பெற்றிருப்பர். பிறருள் பலர் எரிக்கப்பெற்றிருப்பர். எரியூட்டிய இடத்திற்குக் கல்லும் இல்லை, மேடும் இல்லை.

இவ்வேற்றுமை பின்வந்த ஆவணங்களிலும் தொடர்கிறது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளின் பட்டியல் இத்துறையின் அடிப்படை நூல். அதன் பயனை மறுப்பார் இலர். ஆனால் வரலாற்று, தொல்லியல் சிறப்புடைய எழுத்துகளின் பட்டியல் என்று அந்நூலின் தலைப்பே தன் எல்லையைக் கூறிவிடுகிறது. எழுத்து உள்ள கல் பட்டியலில் ஏறும். எழுத்தில்லாத மேடு ஏறாது. கல் நிற்கும் நிலத்தின் பரப்பும் எல்லையும் அத்தகைய பட்டியலின் நோக்கத்தில் சேரா. 1976இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற, தெற்காசியாவிலுள்ள ஐரோப்பிய இடுகாடுகளுக்கான சங்கமும் பெரும்பாலும் இவ்வழியிலேயே எழுத்துகளையும் படங்களையும் தொகுத்துள்ளது.

புகழ்ப்பெயர் ஒன்று கிடைத்தால் மட்டும் நிலைமை மாறுகிறது. ஜூன் 25ஆம் நாள் மோதலில் காயமுற்றுச் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர் ஒருவர் பிற்காலத்தில் சுவீடன் அரசரான பெர்னடோட் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கி வந்தது. பெர்னடோட்டின் பணிவரலாறு அக்கதைக்கு இடந்தரவில்லை. ஆனால் அந்தக் களத்தைப் பற்றி எழுதியோர் பலர் அக்கதைக்குத் தந்த இடத்தைப் பெயரற்ற சிப்பாய்களுக்குத் தரவில்லை.

கொய்யாத் தோட்டம்: கல் பெயர்ந்த கதை

கல்லும் நிலமும் பிரிந்தால் என்னாகும் என்பதற்குச் சென்னை ஒரு தெளிவான எடுத்துக்காட்டு. யேலின் மகன் தாவீது சிறுவயதிலேயே இறந்து, யேலின் மனைவியுடைய முதற்கணவரான ஜோசப் ஹின்மர்ஸ் அடக்கமாகியிருந்த இடத்திலேயே புதைக்கப்பட்டான். கொய்யாத் தோட்டம் என வழங்கிய அவ்விடுகாடு, இன்றைய உயர்நீதிமன்றம், சட்டக் கல்லூரி ஆகியவற்றின் வளாகப் பகுதியில் இருந்தது. 1758–59இல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த உயர்ந்த கல்லறைகளை மறைவாகக் கொண்டனர். அவ்வாய்ப்பு மறுமுறை எதிரிக்குக் கிடைக்கலாகாது என்று, முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயரே கல்லறைகளை இடித்தனர். எழுத்துப் பொறித்த கற்கள் கோட்டைக்குள் புனித மரியன்னை ஆலயத்தின் சுற்றுத் தரையில் பதிக்கப்பட்டன. ஹின்மர்ஸ் – யேல் கல்லறையும் பவுனி குடும்பத்தாரின் கல்லறையும் மட்டுமே பழைய இடத்தில் எஞ்சின.

கற்கள் இன்றும் ஆலயத் தரையில் உள்ளன. அவற்றின் எழுத்துகளைப் படிக்கலாம். அவற்றுக்கு உரியோர் கிடந்த இடுகாடு மறைந்தது. அதன்மேல் கட்டடங்கள் எழுந்தன. கல் காக்கப்பட்டதாலேயே இடுகாடு காக்கப்பட்டதாகக் கருதிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எஞ்சிய கல்லறைக்கும் சோதனை வந்தது. 1921இலேயே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட ஹின்மர்ஸ் – யேல் கல்லறையைச் சுற்றிக் கட்டுமானத் தடை இருந்ததால், நீதிமன்றத்திற்கான வாகன நிறுத்துமிடப் பணி தடைப்பட்டது. அதனையொட்டி எழுந்த வழக்கில், அக்கல்லறைக்குத் தொல்லியல் மதிப்போ வரலாற்றுச் சிறப்போ இல்லை எனக் கொண்டு, அதனை வேறிடத்திற்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் தனிநீதிபதி 2023இல் ஆணையிட்டார். இங்குக் கருதத்தக்கது அவ்வாதத்தின் அமைப்பு. ஒரு கல்லறை காக்கப்படுவது அதில் கிடப்பவரின் சிறப்பால் எனில், அவர் சிறப்புடையவர் அல்லர் எனக் காட்டினால் காப்பு நீங்கிவிடும். யேலின் மகனுக்கே இவ்வாதம் எழுமாயின், வண்டிப்பாளையத்திற்கும் கடலுக்கும் இடையில் புதைந்த சிப்பாய்க்கு எந்தச் சிறப்பைக் காட்ட இயலும்?

சட்டங்களின் எல்லை

1958ஆம் ஆண்டின் பண்டைய நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள், எச்சங்கள் சட்டம் இருவகைப் பொருளைக் கூறுகிறது. ஒன்று, நூறாண்டுக்குக் குறையாத கட்டுமானம், கல்வெட்டு, அடக்கவிடம் போன்ற நினைவுச்சின்னம். மற்றொன்று, வரலாற்று அல்லது தொல்லியல் சிறப்புடைய எச்சங்கள் உள்ள, அல்லது இருப்பதாக நியாயமாக நம்பத்தக்க நிலப்பரப்பு. இரண்டாவது வகை நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. நியாயமான நம்பிக்கை போதும் எனச் சட்டமே கூறும்போது, நிற்கும் கல் ஒன்றைக் காட்ட வேண்டிய தேவையில்லை. 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் தன் பெயரிலேயே இடங்களையும் எச்சங்களையும் சேர்த்துள்ளது. எனவே நிலத்தைக் காக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்று கூற முடியாது. தொல்லியல் இடம் என்ற பிரிவு பெருங்கற்கால ஈமக்காடுகளுக்கும் பழைய குடியிருப்பு மேடுகளுக்கும் பயன்படுத்தப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டுப் போர்க்களம் என்றவுடன் அதிகாரிகளும் ஆய்வாளரும் ஒருசேரக் கட்டடத்தைத் தேடுகின்றனர்.

2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் இருநூறு மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் ஆக்கியது. இது வலிமையான கருவி. ஆனால் வலிமையே இடையூறாகவும் அமைகிறது. வீட்டுக்குக் கூரை மாற்றவும் இசைவு பெற வேண்டிய நிலை வரும் என அஞ்சும் மக்கள், தம் தெருவில் பழைய கல்லறை இருப்பதைச் சொல்லவே தயங்குவர். கள ஆய்வுக்கு இத்தயக்கம் பெருந்தடை.

கடற்கரைக்கு வேறொரு வழி உண்டு. 2011, 2019ஆம் ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், தொல்லியல் சிறப்புடைய பகுதிகளையும் மரபிடங்களையும் மிகுந்த காப்புக்குரிய முதல் வகையில் சேர்க்கின்றன. தேவனாம்பட்டினமும் பரங்கிப்பேட்டையும் கடலை ஒட்டியவை. கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இவ்விடங்கள் குறிக்கப்பெற்றால் காப்பு தானே தொடரும். வரைபடம் மக்கள் கருத்துக்கு வைக்கப்படும் காலத்தில் வரலாற்றுத் துறையினர் கருத்துரைப்பது அரிதாக உள்ளது. அங்கு மீனவர் அமைப்புகளின் குரலே கேட்கிறது.

இந்திய அரசு கல்லறையை இகழ்வதைக் குற்றமாகவும் கருதுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவும், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவும் அடக்கவிடங்களில் அத்துமீறுவதைத் தண்டிக்கின்றன. ஆனால் பிறர் உணர்வைப் புண்படுத்தும் அல்லது சமயத்தை இழிவுபடுத்தும் நோக்கமோ, அவ்வாறு நேரும் என்ற அறிவோ மெய்ப்பிக்கப்பட வேண்டும். மண்வாரி இயந்திரம் கொண்டு மனை பிரிப்பவர்க்கு அத்தகைய நோக்கம் இருப்பதில்லை. அங்கு அடக்கம் நிகழ்ந்தது என்ற அறிவும் இருப்பதில்லை. ஒப்பிடுகையில், இங்கிலாந்தின் 1884ஆம் ஆண்டுப் பயன்பாடற்ற இடுகாடுகள் சட்டம் வழிபாட்டிடங்களை விரிவாக்குவதைத் தவிர வேறு கட்டடம் எழுப்புவதை நேரடியாகத் தடை செய்தது. அங்கு நோக்கம் வினாவாக எழவில்லை. நிலத்தின் தன்மையே தடைக்குக் காரணம்.

நந்தம்பாக்கத்துப் பெயர்கள்

படைவீரர் கல்லறை என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டம். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் அதனைச் சிறப்புறப் பேணி வருகிறது. ஆனால் அவ்வாணையத்தின் பொறுப்பு இரு உலகப் போர்க் காலங்களுக்குள் இறந்தோர்க்கு உரியது. 1914 ஆகஸ்டுக்கு முன் இறந்த வீரர் எவரும் அதன் கடமைக்குள் வரார். அத்தோட்டத்திலுள்ள 1914–1918 நினைவுச்சின்னம் பிறிதொரு செய்தியையும் உணர்த்துகிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் இறந்து, நிலையாகப் பேண இயலாத பல ஊர் இடுகாடுகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் காக்கப்பட்டது, நிலம் கைவிடப்பட்டது. ஆணையத்தின் நிலையில் அது நேர்மையான தீர்வே. பெயரே தெரியாத 1783ஆம் ஆண்டுச் சிப்பாய்க்கு அத்தீர்வும் பயன்படாது.

நிலப் பதிவேடு காட்டும் வழி

நிலத்தைக் காக்கும் மரபு இங்கு இல்லாததன்று. வக்ஃபு முறையில் பதிவான கபர்ஸ்தான் இதற்குச் சான்று. அங்குக் கல்லின் அழகோ கிடப்பவரின் புகழோ வினவப்படுவதில்லை. நிலம் அடக்கத்திற்கு உரியது என்ற பதிவே காப்பு. மஹ்மூது பந்தர் எனவும் பெயர்பெற்ற பரங்கிப்பேட்டையில் பழைய அடக்கவிடங்கள் பேணப்படுவதை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு உதவும். பயன்பாட்டால் அமைந்த வக்ஃபு என்ற கருத்தைச் சுருக்கிய 2025ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், பதிவு பெறாத பழைய அடக்கவிடங்களின் நிலையைத் தனியே ஆராய வேண்டியுள்ளது.

கிறித்தவக் கல்லறைத் தோட்டங்களிலும் இன்றளவும் அடக்கம் நிகழ்பவை ஓரளவு பாதுகாப்பாக உள்ளன. பூட்டி வைத்த பழைய இடுகாட்டை மக்கள் மறக்கின்றனர். ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் மெழுகுவத்தி ஏற்றும் இடத்தை எவரும் எளிதில் மனையாக்க முடியாது. பழைய கல்லறைகளுக்கு இடையே புதிய அடக்கம் கூடாது எனத் தூய்மை பேசும் மரபுப் பாதுகாவலர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலூர் – சிதம்பரம் பகுதிக்கு உரிய பணி மூவகைச் சான்றை ஒன்றோடொன்று பொருத்துவதில் தொடங்கும். முதலாவது, போரைப் பற்றிய எழுத்துகள்: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, களத்தில் இருந்த இன்னஸ் மன்றோ 1789இல் வெளியிட்ட நூல், கார்ஸ்டின் (1878), பிரான்சிஸ் (1906) ஆகியோரின் தென்னார்க்காடு மாவட்ட நூல்கள், முற்றுகை வரைபடங்கள். இவை பாளையம் இறங்கிய இடத்தையும் அரண்வரிசையையும் காட்டும். இரண்டாவது, நிலப் பதிவுகள்: பழைய நிலவரித் திட்டப் பதிவேடு, ‘அ’ பதிவேடு, புலப்பட நூல், நகர நிலஅளவைப் பதிவேடு. ஒரு புலம் பழைய பதிவேட்டில் இடுகாடு எனவோ கல்லறை எனவோ குறிக்கப்பெற்று, 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திற்குப்பின் வெறும் புறம்போக்கு என மாறியிருந்தால், அம்மாற்றமே ஆய்வுக்குரிய முதற்சான்று. வகைப்பாடு மாறிய நிலமே பின்னர் ஒப்படைக்கும் குடியிருப்புக்கும் சாலைக்கும் எளிதில் உள்ளாகிறது. மூன்றாவது, ஊரார் வழங்கும் வயற்பெயர்களும் மேட்டுப்பெயர்களும். இவற்றைத் தொகுக்கும் பயிற்சி தமிழ்த்துறை ஆய்வாளர்க்கே மிகுதி. தொல்லியல் துறையினர் இதற்காகக் காத்திருக்கின்றனர் எனலாம்.

இப்பணிக்குக் காலம் நீண்டதன்று. முற்றுகைப் படை பாளையம் இறங்கிய, கடலூர் முதுநகருக்குத் தென்புறத்து நிலவெளியில் சிதம்பரம் சாலையை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. விழுப்புரம் – நாகப்பட்டினம் நெடுஞ்சாலை நான்குவழியாக அகன்றுள்ளது. 2021இல் கடலூர் மாநகராட்சியாயிற்று. புறநகர் விரிவு அதனைத் தொடரும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் 2011 டிசம்பரில் கரைகடந்த தானே புயலும் காட்டியது போல், கடலும் தன் பங்கைக் கேட்கும். இவற்றுள் எதனையும் நிறுத்துமாறு கோர வேண்டியதில்லை. வேலை வேண்டும், வீடு வேண்டும், சாலையும் வேண்டும். உயிரோடிருப்போர்க்கே இடுகாட்டு நிலம் கிடைக்காமல் சாதியின் பெயரால் வழிமறிக்கப்படும் மாநிலத்தில், இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன் இறந்தோர்க்காக ஏக்கர் கணக்கில் வேலியிடச் சொல்வது முறையும் ஆகாது.

கோரத்தக்கது இதனினும் சிறியது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வகுக்கப்படும் முழுமைத் திட்டங்களில் இப்புலங்கள் தனிக்குறி பெற வேண்டும். அப்புலங்களில் மண் தோண்டும் பணி தொடங்குமுன் தொல்லியல் அலுவலர் ஒருவர் பார்வையிட வேண்டும். எலும்போ படைக்கலமோ சீருடைப் பொத்தானோ வெளிப்பட்டால் பணியை நிறுத்திப் பதிவுசெய்ய வேண்டும். இங்கிலாந்து 1995 முதல் வரலாற்றுப் போர்க்களங்களின் பதிவேட்டைப் பேணுவது ஏறத்தாழ இம்முறையிலேயே: பதிவேட்டில் ஏறிய களத்தில் கட்டுமானம் முற்றாகத் தடைசெய்யப்படுவதில்லை, இசைவு வழங்குவோர் அதனைக் கருத்திற்கொள்ளக் கடமைப்பட்டுள்ளனர். கடலூரில் இதற்கு முதற்படியாக அமையத்தக்கது ஒரு சிறு பட்டியல்: 1783 ஜூன் மாதத்து அரண்வரிசை கடந்து சென்ற வருவாய்க் கிராமங்கள் எவை, அவற்றில் இடுகாடு எனப் பழைய பதிவேட்டில் உள்ள புல எண்கள் எவை, இன்று அவற்றின் வகைப்பாடு யாது.